அம்மணி மிச்சம் பிடித்த வெயில்

சங்ககிரியில் நல்லசிவம் நடத்திய லாரி புக்கிங் ஆபீசின் கம்ப்யூட்டருக்குள் அம்மணி வந்து சேர்ந்த வருஷம், மழை எப்போதும் போலப் பெய்து, கிணறுகள் எப்போதும் போலப் பாதி நிறைந்து, லாரிகள் மட்டும் எப்போதும் இல்லாத வேகத்தில் போவதும் வருவதுமாக இருந்த ஐப்பசி மாதத்தில், ஒரு சாயங்காலம் ஆபீசைப் பூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிய அமராவதி, தெருவில் பொழுது இறங்கி, டீக்கடையில் விளக்குப் போட்டு, காக்காய்கள் எல்லாம் அடைந்துவிட்ட பிறகும் தன் முதுகில் மட்டும் சுள்ளென்று வெயில் உறைப்பதை உணர்ந்து திரும்பிப் பார்த்தாள். ஆபீசுக்கு முன்னால் லாரிகள் நிற்கிற அந்தப் பெரிய களத்தில், நான்கு சுற்றுச்சுவருக்குள் மட்டும், மத்தியானம் மூணு மணி வெயில் போகாமல் நின்றுகொண்டிருந்தது. புங்க மரத்து நிழல் மூணு மணிக்கு எங்கே விழுமோ அங்கேயே விழுந்து கிடந்தது. நிழலுக்குள் ஒரு நாய் படுத்திருந்தது. ஏதோ பெரிய விளக்கை அணைக்காமல் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று அமராவதி மறுபடியும் கதவைத் திறந்து உள்ளே போய் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்தாள். அணைப்பதற்கு ஒன்றும் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மாவு புளித்துக்கொண்டிருக்கும் என்ற கவலை அவளுக்கு.

அமராவதி கல்யாணத்துக்கு முந்தியே அந்த ஆபீசில் பில் எழுத வந்தவள். கார்பன் தாளில் எழுதிய காலம் போய், டைப் அடித்த காலம் போய், கம்ப்யூட்டர் வந்தபோதும் அவளே அதன் முன்னால் உட்கார்ந்து, ஆபீஸ் சாவியும் முதலாளியின் பாதி யோசனையும் தன்னிடமே வந்து சேரும் அளவுக்கு அங்கேயே நரைத்துப் போயிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் மாரப்பன், சொந்தமாக ஒற்றை லாரி வைத்து, அதே ஆபீசில் லோடு எடுத்து ஓட்டுகிறவர். அடுத்த மேசை ரவூப் பாயுடையது. இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு, ஒன்றில் சிமெண்டுக் கம்பெனியையும் இன்னொன்றில் லாரிக்காரனையும் திட்டி, இரண்டு பேரையும் எப்படியோ சேர்த்துவைத்துவிடுகிற மனுஷர்.

அம்மணி வருவதற்கு முன்னால், வடக்கே போய்த் திரும்புகிற லாரிகள் சங்ககிரிக்கு வந்தால் அடுத்த லோடு கிடைக்கிறவரைக்கும் நிற்கும். சில நேரம் ஒரு நாள், சில நேரம் நாலைந்து நாள். டிரைவர்கள் களத்தில் சீட்டாடுவார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், அலுத்தால் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். அதெல்லாம் வீண் என்று கோயம்புத்தூரிலிருந்து வந்த கம்பெனிக்காரப் பையன் படம் போட்டுக் காட்டினான். அவன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போன அந்த ஏஐக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஒருவர் நாக்கிலும் புரளவில்லை. அது பெண்குரலில், மரியாதையாக, நல்ல தமிழில் பேசியது. இந்தியிலும் தெலுங்கிலும் குஜராத்தியிலும் அதே மரியாதையோடு பேசியது. டிரைவர்கள்தான் அம்மணி என்று பெயர் வைத்தார்கள். நாக்பூரில் தார்ப்பாய் அவிழ்க்கும்போதே, திரும்பி வர எந்த ஊரில் எந்த மூட்டை காத்திருக்கிறது என்று அம்மணி சொல்லிவிடும். சங்ககிரியில் வண்டி நுழைவதற்கு முன்பே அடுத்த லோடு மேட்டூரில் தயாராக நிற்கும். பில்லும் அதுவே போட்டது, பாக்கியும் அதுவே கேட்டது. லாரி நிற்பது என்கிற விஷயமே ஒழிந்து போனது. களம் காலியானது. அந்தக் காலிக் களத்தில்தான் மூணு மணி வெயில் தங்க ஆரம்பித்தது.

முதல் வருஷச் சந்தாவைக் கம்பெனி பாதியாகத் தள்ளிக் கொடுத்திருந்தது. தை பிறந்தால் முழுசாகக் கட்ட வேண்டும். நல்லசிவம் அமராவதியைக் கூப்பிட்டு, நாற்காலியில் சாய்ந்து, மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பாய் சம்பளமும் அம்மணி சந்தாவும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வருது. ரெண்டையும் என்னால தாங்க முடியாது. எனக்கு இதெல்லாம் மண்டைக்குள்ள ஏற மாட்டேங்குது அமராவதி. நீதான் கூட இருந்து பாக்கறே. அது தகுமா, தகாதா? தைக்குள்ள ஒரே வார்த்தையில சொல்லிப் போடு."

"நானுங்களா?"

"பின்ன? பாயையா கேக்க முடியும்? அம்மணியையா கேக்க முடியும்?"

அமராவதிக்கு அன்றிலிருந்து தலை சுற்றத் தொடங்கியது. தக்காளி விலையைத் தகுமா தகாதா என்று அவளால் ஒரு பார்வையில் சொல்ல முடியும். புடவையைச் சொல்ல முடியும். இதை எந்தப் பக்கம் பிடித்துப் பார்ப்பது என்றே தெரியவில்லை. போதாக்குறைக்குக் களத்தில் வெயில் வேறு நாளுக்கு நாள் தடிமனாகிக்கொண்டு வந்தது.

ஊர் அந்த வெயிலை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்லத் தகுந்தது. முதலில் வந்தவர்கள் பின் தெருவில் அப்பளம் போடுகிற பெண்கள். ஐப்பசி அடைமழையில் அப்பளம் காயாமல் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. சாயங்காலமானாலும் மழையானாலும் ஆபீஸ் களத்தில் மூணு மணி வெயில் காய்கிறது என்று கேள்விப்பட்டதும், ஓலைப்பாயும் சேலையுமாக வந்து விரித்துவிட்டார்கள். அப்புறம் மிளகாய் வந்தது, புளி வந்தது, இட்லி அரிசி வந்தது, சலவைத் துணிகள் சுவர் நெடுகத் தொங்கின. கோழிகள் இரண்டாம் தடவை முட்டை இட இடம் தேடி வந்தன. மின்சார வாரியத்துக்காரர் மீட்டரைப் பார்த்துவிட்டு, இந்த வெயில் லைனில் வரவில்லை, எனவே தனக்குச் சம்பந்தமில்லை என்று போய்விட்டார். வார்டு மெம்பர் வந்து, இதைப் பொது இடமாக அறிவிக்க மனுப் போடப் போவதாகச் சொல்லிவிட்டு, தன் வீட்டு வடாத்தை அனுப்பிவைத்தார். வெளியே பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட, உள்ளே அதற்கு முந்தின அஸர் தொழுகைக்கே நேரமாகவில்லையே, எதைத் தொழுவது என்று குழம்பிப்போன ரவூப் பாய், பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டார், அவர் கொஞ்ச நேரம் தாடியை நீவிவிட்டு, "தெருவுல என்ன நேரமோ அதுதான் நேரம், பாய். களத்துல இருக்கறது வெளிச்சம்" என்று முடித்துவைத்தார். கோயம்புத்தூர்ப் பையன் ஒருமுறை வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் களத்தைப் பார்த்து, "நேரம் மிச்சமாகும்னு நாங்க சொன்னோமுங்க. அது இப்பிடி வந்து நிக்கும்னு எங்க பிளான்ல இல்ல. பெரிய பிளானுக்கு மாறினா இன்னும் எச்சா கெடைக்கலாமுங்க" என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

ஆச்சரியப்பட்டவர் யாரும் இல்லை. வெயில் என்றால் காயப்போடுவதற்கு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பாவாயி என்கிறவள் மட்டும் சண்டை போட வந்தாள். அவளுடைய வீட்டுக்காரரும் லாரி ஓட்டுகிறவர்; தீபாவளிக்குக்கூட ஒரு வேளை எண்ணெய் தேய்த்துக் குளித்ததோடு கிளம்பிப் போய்விட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தவள், நேராக அமராவதியின் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"யாருங்க இங்க அம்மணிங்கறது? நேரங்காலம் இல்லாம எங்கூட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கிளப்பி உடறாளே, அவ மூஞ்சியக் கொஞ்சம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இதுதான் பாவாயி" என்று அமராவதி கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"வணக்கமுங்க. நான் உங்களுக்கு என்ன உதவி செய்யட்டும்?" என்றது அம்மணி.

பாவாயி சுற்றிவந்து கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். ஒயர்களைத் தவிர ஒன்றும் இல்லை. சண்டை போட ஒரு மூஞ்சி இல்லாமல் வெளியே வந்து, அப்பளம் காய்கிற களத்தில், புங்க மர நிழலில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மூக்கை உறிஞ்சினாள். ஒருமுறை, இரண்டுமுறை. அப்புறம் எழுந்து நின்று, யாரையோ தேடுகிற மாதிரி சுற்றிலும் பார்த்தாள்.

"என்ன பாவாயி?" என்றாள் பின்னாலேயே வந்த அமராவதி.

"எங்கூட்டுக்காரர் தேய்க்கற எண்ணெ வாசமுங்க்கா. அவிய கொறட்டைகூடக் கேக்குது. நல்லாக் கேளுங்க." பாவாயி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். "லோடு இல்லாம ஊட்ல வந்து படுத்துக் கெடப்பாங்கல்ல, அந்த நேரமுங்க்கா இது. அதைத்தான் உங்க அம்மணி புடுங்கிக்கிட்டு வந்து இங்க கொட்டி வெச்சிருக்கறா."

விஷயம் பரவியதும் லாரிக்காரர்களின் பெண்டாட்டிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்திக்குப் பீடிப் புகை வாசம் வந்தது. ஒருத்திக்கு ரேடியோவில் பழைய பாட்டோடு சேர்ந்து முனகுகிற குரல் கேட்டது. ஒருத்தி, ஒன்றும் கேட்காமல், ஒன்றும் வாசம் வராமல், ஆனால் யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது போல மட்டும் இருக்கிறது என்று சொல்லி வெட்கப்பட்டாள். வந்தவர்கள் போக மனசில்லாமல் சாயங்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்பளக்காரிகளுக்கும் அவர்களுக்கும் இடத்துக்காகச் சண்டை வந்தது. அமராவதியும் அவர்களோடு நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். டீசல் வாசமும் மிளகாய் நெடியும் வந்தன. மாரப்பனுடையது என்று அடையாளம் சொல்லக்கூடிய எதுவும் அவளுக்குத் தட்டுப்படவில்லை. அது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சரி, தகாது என்று சொல்லிவிடலாம், பாயும் பிழைப்பார், இவர்களுக்கும் அவரவர் மனுஷர் கிடைப்பார்கள் என்று அவள் ஒருவழியாக மனசைத் திரட்டிக்கொண்ட அன்றைக்குத்தான் குணவதி வந்தாள். குணவதி, டிரைவர் பெண்டாட்டிகளிலேயே அதிகம் பேசாதவள். எல்லோரும் போகிறவரைக்கும் வாசலிலேயே நின்றிருந்து, அப்புறம் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, அம்மணிய எடுத்துப் போடப் போறீங்கன்னு பேசிக்கறாங்க. எடுத்துறாதீங்க. எங்கூட்டுல அவிய நின்ன நாளெல்லாம் குடிதான். குடிச்சா கைநீட்டுவாங்க. இந்த ஒரு வருசமாத்தான் எம் புள்ளைங்க பயமில்லாமப் படிக்குதுங்க. நானும் அந்தக் களத்துல கால் வெச்சுப் பாத்தேன்." அவள் சேலைத் தலைப்பால் தன் கையை முழங்கைவரைக்கும் மூடிக்கொண்டாள். "எனக்கு அங்க சாராய வாசம்தானுங்க்கா வந்துது. வெளிய ஓடியாந்துட்டேன்."

அமராவதி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குணவதி போன பிறகு, போன ஆவணியில் நாக்பூர்ப் பக்கம் காய்ச்சலில் விழுந்த டிரைவர் ஒருத்தருக்கு அம்மணிதான் இந்தியில் பேசி ஆஸ்பத்திரியைப் பிடித்து உயிரைக் காப்பாற்றியது என்பது ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் வடக்கே புரோக்கருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் திரும்பி வர லோடே கிடைக்காத ஒற்றை லாரிக்காரர்கள், அம்மணி ஆள் பார்த்து ஒதுக்காது என்பதாலேயே நிமிர்ந்ததும் ஞாபகம் வந்தது. அதில் மாரப்பனும் ஒருத்தர். லாரிக் கடன் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒன்றை நினைத்தால் இன்னொன்று வந்து அதன் மேல் உட்கார்ந்தது. கடைசியில், வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதனிடமே கேட்டாள்:

"உனக்குக் குடுக்கற காசு தகுமா அம்மணி?"

"நான் ஒரு மாசத்தில் மிச்சப்படுத்துகிற நேரத்தைப் பார்த்தால் தகும் என்றுதான் படுகிறதுங்க. ஆனால் கேள்வியே என்னைப் பற்றியது என்பதால், என் பேச்சை மட்டும் வைத்து முடிவு பண்ண வேண்டாம்."

"அந்த மிச்சமான நேரமெல்லாம் என்ன ஆச்சு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. மிச்சம் பண்ணிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் அது உங்களுடையது."

"எங்களுதுன்னா யாருது?"

"அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அமராவதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு கேள்விக்கும் தயங்காத அம்மணியே தெரியாது என்கிறபோது, தான் யாரிடம் போய்க் கேட்பது என்று நினைத்தாள்.

மார்கழிக் கடைசியில் மாரப்பன் இந்தூரிலிருந்து வந்தார். வீட்டுக்கு வந்து குளித்து, சோற்றில் கையை வைத்தபடியே இரண்டு முறை கண்ணயர்ந்தார். முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, பேச்சே பாதிதான் வந்தது. "நல்லாத்தான் ஓடுது. கடன் முடிஞ்சுது பாத்தியா" என்று அவர் சொன்னபோதும் அவருடைய பார்வை போனிலேயே இருந்தது. அமராவதி முன்கூட்டியே ஆபீசுக்குப் போய் அம்மணியிடம், மாரப்பன் வண்டிக்கு இரண்டு நாள் லோடு வேண்டாம் என்று சொல்லிவைத்தாள். "சரிங்க, ஓய்வு என்று குறித்துக்கொள்கிறேன்" என்றது அம்மணி. ஆனால் சாயங்காலம் சிமெண்டுக் கம்பெனிக்காரர்கள் போன் பண்ணி, அவசரம், தயவு செய்து, வேலை நின்றுவிடும் என்று நயமாக நாலு வார்த்தை பேசியதும், அதற்கும் சரிங்க என்று சொல்லி, அதே வண்டியைக் கொடுத்துவிட்டது. கெஞ்சுகிறவரிடம் இல்லை என்று சொல்ல அதற்கு வரவே இல்லை. அம்மணி போனில் கூப்பிட்டதும் லோடுக் காகிதம் வாங்க மாரப்பன் ஆபீசுக்குள் நுழைவதற்கும், விஷயம் தெரிந்த அமராவதி எழுந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"பாய், இது என்னங்க இப்பிடிப் பண்ணிப் போச்சு!"

ரவூப் பாய் அம்மணி வந்ததிலிருந்து வேலை குறைந்து, போனைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். மாரப்பனின் முகத்தை ஒருமுறை பார்த்தார். போனை எடுத்தார். சிமெண்டுக் கம்பெனியில் யாரோ எடுத்ததும், எத்தனையோ மாதமாக வெளியே வராத குரல் ஆபீஸ் ஓடு அதிர வெளியே வந்தது.

"வண்டி இல்லைங்க! ... யாரு சொன்னா இருக்குதுன்னு? ... அது கம்ப்யூட்டரு, அதுக்கென்ன தெரியும்? வண்டிக்கு மேலுக்கு முடியலைங்க! ... நாளைக்கும் இல்ல, நாளான்னைக்குப் பேசுங்க. என்னது? வேற ஆபீசுக்குப் போறீங்களா? போங்க, போயி அங்கயும் நாளான்னைக்குத்தான்னு சொல்லுவாங்க!"

வண்டி கேட்டுக்கு முன்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றுகொண்டிருந்தது. பாய் திட்டி முடிப்பதற்காகக் காத்திருந்த மாரப்பன், களத்துக்கு வந்து, அங்கே வெயில் காய்வதைக்கூட விசாரிக்காமல், மிளகாய்க்குப் பக்கத்தில் கிடந்த தார்ப்பாயில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து, தூங்கிப் போனார். அப்பளக்காரிகள் சத்தம் போடாமல் அப்பள விரிப்பை நகர்த்திக்கொண்டார்கள். அமராவதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாரப்பன் தூங்கத் தூங்க, அந்த ஐப்பசியிலிருந்து ஓரங்குலம் நகராமல் கிடந்த புங்க மர நிழல் மெல்ல நீளத் தொடங்கியது. வெயில் மஞ்சளாகி, இளஞ்சூடாகி, அவர் எழுந்து உட்கார்ந்து "எங்க இருக்கறேன்?" என்று கேட்டபோது, களத்தில் நாலரை மணி ஆகியிருந்தது.

அதைக் கேள்விப்பட்டுப் பாவாயி தன் வீட்டுக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். மற்ற பெண்களும் அவரவர் மனுஷரைக் கூட்டிவந்தார்கள். டிரைவர்கள் வந்து படுக்கப் படுக்க, களத்தில் தேங்கியிருந்த வெயில் கரைந்து போய்க்கொண்டே இருந்தது. குணவதியின் வீட்டுக்காரரும் வந்து ஓரமாக ஒரு மூலையில் படுத்து, எழுந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் போய் லாரியில் ஏறிக்கொண்டார். அப்பளக்காரிகள் நல்லசிவத்திடம் போய் முறையிட்டார்கள். "வெயில் எல்லாத்தையும் இவனுக தூங்கியே தீத்துப் போடுவானுகளாட்ட இருக்குதுங்க. எங்க பொழப்பு என்னாவறது?"

தை பிறப்பதற்கு முந்தின நாள், நல்லசிவம் அமராவதியைக் கூப்பிட்டார். ரவூப் பாயும் வந்து கதவோரம் நின்றார்.

"சொல்லு. தகுமா, தகாதா?"

"தெரியலைங்க."

"இத்தனை நாள் யோசிச்சும் இதுதானா?"

"யோசிக்க யோசிக்கத்தானுங்க தெரியாமப் போச்சு." அமராவதி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அம்மணி இருக்கட்டுங்க. பாயும் இருக்கட்டும். சங்ககிரிக்கு வர்ற வண்டிய ஒரு நாளாச்சும் நிறுத்தி, டிரைவர் தூங்கி எழுந்ததும்தான் அனுப்போணும். நிறுத்தச் சொன்னா அம்மணிக்கு நிறுத்தத் தெரியாது, பார்ட்டி கெஞ்சினா குடுத்துரும். இல்லைன்னு சொல்றதுக்குப் பாய் வேணுமுங்க. அப்பறம் குடிச்சுப் போட்டு ஊட்ல ரகளை பண்றவிய வண்டிய நிறுத்தறதுக்கு மின்னாடி, அந்தூட்டுப் பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை நான் கேட்டுக்கறேன்."

நல்லசிவம் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "இரு இரு. வண்டி நிக்காம ஓடறதுக்குத்தானே அம்மணிக்குச் சந்தா? இப்ப அதுக்கும் குடுக்கோணும், பாய்க்கும் குடுக்கோணும், வண்டியும் பழையபடி நிக்கோணும். இது எந்த ஊர்க் கணக்கு?"

"எனக்கும் புரியலைங்க. ஆனா எந்தப் பக்கம் போட்டாலும் இப்பிடித்தான் வந்து நிக்குது."

நல்லசிவம் ரவூப் பாயைப் பார்த்தார். பாய் கூரையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே களத்தில் நாலைந்து டிரைவர்கள் தார்ப்பாயில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக அந்தச் சத்தம் அங்கே கேட்டதில்லை. நல்லசிவமும் ஒரு காலத்தில் லாரி ஓட்டினவர்தான். அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"ஒரு வருசம் பாப்போம்" என்றார், திரும்பாமலேயே. "அடுத்த தைக்கு இதே கேள்விய உங்கிட்டத்தான் கேப்பேன்."

அப்படியே நடந்தது. லோடு கொடுக்கிற இரண்டு பார்ட்டிகள் கட்சி மாறி வேறு ஆபீசுக்குப் போனார்கள். அங்கே வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன என்றும், ஆனால் அந்த ஆபீசில் இப்போது காலை பத்து மணி போகமாட்டேன் என்று நிற்பதால் யாருக்கும் மத்தியானச் சோற்றுக்குப் பசிப்பதே இல்லை என்றும் பேசிக்கொண்டார்கள். நல்லசிவத்துக்கு வருமானம் குறைந்ததா கூடியதா என்பதை அவராலேயே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. களத்து வெயில் மாசி முடிவதற்குள் தீர்ந்துபோய், தெருவில் இருட்டும்போது அங்கேயும் இருட்டியது. அப்பளக்காரிகள் அமராவதியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பாவாயி வாரத்துக்கு ஒருமுறை வந்து, வீட்டுக்காரர் இரண்டு நாளாக வீட்டிலேயே கிடந்து உயிரை வாங்குகிறார், அம்மணியிடம் சொல்லிச் சீக்கிரம் அனுப்பக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனாள். குணவதி வருவதே இல்லை. அமராவதிதான் அவளைத் தேடிப் போய்க் கேட்பாள், கேட்டுவிட்டு வந்து பாயிடம் சொல்வாள், பாய் அதற்குத் தகுந்தாற்போல் போனில் கத்துவார்.

பங்குனியில் ஒரு நாள் மாரப்பனின் வண்டி ஊரில் நின்றது. ஆபீசில் அம்மணி பில் போட்டுக்கொண்டிருந்தது, பாய் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், நல்லசிவம் நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அமராவதிக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சுவரில் மணி மூணு. அந்தக் களத்தில் மற்ற எல்லாப் பெண்களுக்கும் கேட்டது தனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்பது, முள் தைத்த இடம் தானாகத் தெரிவது போல அவளுக்கு அப்போது தெரிந்தது. மாரப்பன் லோடில்லாமல் வீட்டில் படுத்துக் கிடந்த அத்தனை வருஷத்து மத்தியானங்களிலும் அவள் இங்கே உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் மூணு மணி எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

பாயிடம் கண்ணால் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கதவு திறந்திருந்தது. மாரப்பன் பனியனோடு தரையில் உட்கார்ந்து, மிக்சியைப் பிரித்துப் போட்டு, திருகாணிகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"என்ன இந்நேரத்துக்கு? ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்ல."

"ஆபீஸ்ல ஏதாச்சும் சொல்லிப் போட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன?"

"தெரியல. வந்தேன்."

சமையலறை ஜன்னல் வழியாக வெயில் வந்து, நேராக அரிசி டிரம்மின் மூடி மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அரிசி எடுக்கும்போது அந்த மூடி ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அவள் யோசித்ததுண்டு. எலி ஏதாவது படுத்துப் போகிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டிருக்கிறாள். அந்த மூடியையும், அவரையும், தட்டில் இருந்த திருகாணிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாரப்பன் மிக்சியை ஓரமாகத் தள்ளினார். "நின்னுக்கிட்டே இருக்கறியே. உக்காரு."

"உக்காந்து என்ன பண்றது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஒண்ணும் பண்றதில்ல. இந்நேரத்துக்கு நான் சும்மாதான் இருப்பேன்" என்றார்.

அமராவதி, செருப்பை வாசலில் விட்டோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, முதல்முறையாக ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல, தன் வீட்டுத் தரையில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள்.